இரைச்சலுக்கு விட்ட இடம்

இணையம் என்றாலே எல்லோருக்கும் வேகம்தான். வேகம் குறைந்துவிட்டது, பக்கத்து வீட்டில் பறக்கிறது, விளம்பரத்தில் சொன்னது எங்கே என்று உயிரை எடுப்பார்கள். கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பிராட்பேண்ட் இணைப்புகளைக் கவனிப்பது என் வேலை. லைன் விழாமல் இருந்தால் போதும் என்று என்னிடம் கேட்டவள் ஒரே ஒரு பெண்தான். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அப்பால், செம்பனைத் தோட்டம் ஒன்றில் அம்மாவோடு இருந்தாள்.

அந்தப் பக்கம் இன்னும் பழைய செம்புக் கம்பிதான். ஓர் இணையக் கடையின் வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலை அவளுக்கு. மாலை ஷிப்ட். கைப்பேசி இணையம் கூடாது, கம்பி இணைப்புதான் வேண்டும் என்பது கம்பெனி விதி. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் தினமும் லைன் விழுந்தது.

"இன்னொரு தடவ கட்டாச்சுன்னா வேலைக்கு வரவேணாம்னு சொல்லிட்டாங்க அண்ணே," என்றாள் போனில். அவள் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அவள் இணைப்பு வந்து சேரும் போர்ட்டின் பதிவைத் திறந்து பார்த்தேன். பகலெல்லாம் சமர்த்தாக இருந்த லைன், பொழுது சாய்ந்ததும் பிழைகளாகக் கக்கியது. கம்பியைக் குரங்கு கடித்திருக்கும் என்றார்கள் உடன் வேலை செய்பவர்கள். குரங்கு என்ன கடிகாரமா கட்டியிருக்கிறது? எரிச்சலில் அந்தப் போர்ட்டின் சக்தியை ஏற்றினேன், அதாவது எங்கள் பக்கத்திலிருந்து சிக்னலை உரக்கப் பேசவிட்டேன். அடுத்த நாளே அதே கேபிளில் ஓடும் பக்கத்து வீட்டு லைன் தள்ளாடியது. ஓர் அறையில் ஒருவன் கத்தினால் மற்றவன் பேச்சு யார் காதில் விழும்? சக்தியைப் பழையபடி இறக்கிவிட்டு, ஒரு மாலை நேரிலேயே போனேன்.

ஷிப்ட் தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. மேசைமேல் மோடத்தின் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. வெளியே லயத்து வீட்டு வரிசையின் கடைசியில் இருந்த முனீஸ்வரர் கோயிலில் வண்ண விளக்குகள் பளிச்சென்று எரிய ஆரம்பித்தன. அதே நொடி மோடத்தின் விளக்கு துடித்து அணைந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் மின்வயரை எங்கள் டெலிபோன் கம்பியோடு சேர்த்து ரபியா பிளாஸ்டிக் கயிற்றால் அழகாகக் கட்டியிருந்தார்கள். நம்மவர்களுக்குக் கண்ணில் படும் கம்பமெல்லாம் பந்தல்கால்தான். திட்டுவதற்கு வாயைத் திறந்தபோது அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கு வேல கெடச்சா லைட்டு போடுறேன்னு அம்மா வேண்டிக்கிட்டாங்க. வேல இருக்கிற வரைக்கும் தெனமும் எரியணுமாம். இதுனாலதான் லைன் போகுதுன்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க அண்ணே. தெரிஞ்சா அணைக்கவும் மாட்டாங்க, நிம்மதியா எரியவிடவும் மாட்டாங்க."

அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. கயிற்றை அவிழ்த்து மின்வயரைத் தள்ளிக் கட்டினேன். இரண்டும் ஒன்றாக இருப்பது ஆபத்து என்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய்யில்லை. இரைச்சல் குறைந்தது, ஆனால் போகவில்லை. அந்த மலிவு விளக்குகளின் அடாப்டரே இரைச்சலைத் துப்பிக்கொண்டிருந்தது.

காரில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். மார்ஜின் என்று ஓர் அமைப்பு உண்டு. இரைச்சல் வந்தால் வரட்டும் என்று முன்கூட்டியே விட்டுவைக்கும் இடம் அது. அதை ஏற்றினால் வேகம் குறையும், ஆனால் லைன் லேசில் விழாது. முன்கோபக்காரனான எனக்கு இந்த வேலை கிடைத்ததை நினைத்து என் மனைவி அடிக்கடி சிரிப்பாள். வீட்டில் யாராவது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் போதும், என் லைன் உடனே கட். மனிதனுக்கும் இப்படி ஓர் அமைப்பு இருந்திருக்கலாம்.

மார்ஜினை ஏற்றினேன். வேகம் பாதியானது. என் மேலதிகாரி பார்த்தால் முகம் சுளிப்பார். ஆனால் அவள் பேசுவதற்கு அந்த வேகம் தாராளம். வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். கோயில் விளக்குகள் எரிய எரியவே மோடத்தின் பச்சை நிலைத்து நின்றது. சற்று நேரத்தில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு மலாயில் மாலை வணக்கம் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அம்மா எனக்குப் பால் கலக்காத தே ஓ கொண்டுவந்தார். தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிக் காய்த்துப்போன கைகள்.

"பாத்தீங்களா தம்பி, சாமிக்கு லைட்டு போட்டேன், நீங்களே வந்து நின்னுட்டீங்க. வர்ற வெள்ளிக்கெழம இன்னும் ரெண்டு வரிச வாங்கிப் போடப்போறேன் லா."

பேச்சுக்கு நடுவில் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போடுங்கம்மா," என்றேன்.

மார்ஜினை மாற்றினால் லைன் ஒருமுறை அறுந்துதான் மறுபடி சேரும். அதனால் மறுநாள் பகலில், அவள் வேலையில் இல்லாத நேரம் பார்த்து, இன்னும் இரண்டு வரிசை விளக்குக்கு இடம் விட்டு வைத்தேன்.