பத்தொன்பதாவது வளைவில் இரண்டு சுளை

என் கையெழுத்தைப் படிக்கப் போகிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் நான் எழுதியதெல்லாம் காப்பி மூட்டைகளின் மேல் மையைத் தொட்டு எழுதிய எண்கள்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

காப்பிப் பழத்தின் தோல் குவியலாகக் கிடந்து புளிக்கிற வாசனையும் கார் டயர் கருகுகிற வாசனையும் ஒன்றாக வந்தால் எனக்கு இன்றும் நாக்கில் ஆரஞ்சு புளிக்கும். எண்பதுகளில் வருடா வருடம் மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற மலைப்பாதையில் மதியம் வரை பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கார்ப் பந்தயம் விடுவார்கள். ஒவ்வொரு காராகக் கீழேயிருந்து கிளப்பி, இருபது வளைவும் ஏறி மேலே வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். அப்போது பழம் பறிக்கும் காலம் என்பதால் நாகலூர், தலைச்சோலை, கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட் ஆட்களெல்லாம் விடியும் முன்பே நடந்து வந்து, மேல் வளைவுகளில் ஆளுக்கு ஒரு பாறையைப் பிடித்து உட்கார்ந்துவிடுவோம்.

நாங்கள் போனது பந்தயம் பார்க்க என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. தனபால் அண்ணனைப் பார்க்கத்தான் போனோம். மலைக்குக் கீழேயிருந்து வருகிற கீழ்நாட்டுக்காரர், ஒல்லியான ஆள். அவருடைய மஞ்சள் பியட் காரின் கதவில் ஏழு என்று எழுதியிருக்கும். எங்களைக் கண்டால் பந்தயத்தின் நடுவிலும் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். ஓடி முடித்துக் கீழே இறங்கும்போது காரை ஓரம் கட்டி, எங்களோடு உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடிப்பார். மற்றவர்கள் கண்ணாடியைக் கூட இறக்காமல் போவார்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவருக்காக நாங்கள் செய்த ஒரு காரியம் வேறெங்கும் நடந்திருக்காது. பழம் பறிக்கும்போது சில நாள் மேகம் இறங்கி அடுத்த செடி கூடத் தெரியாது. யாரும் வழி தவறிவிடாமல் இருக்க, ஒரு வரிசையில் இருப்பவர் குரல் கொடுக்க, அடுத்த வரிசைக்காரர் அதை வாங்கி மேலே கொடுப்பார். இதற்குக் "கூப்பாடு" என்று பெயர். இந்தக் கூப்பாட்டைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர் அலமேலு அக்கா. எங்கள் எஸ்டேட்டில் பழம் பறித்தவர். அவர் பன்னிரண்டாம் வளைவில் நின்று, மஞ்சள் கார் தன்னைத் தாண்டியதும் "மஞ்சக்காரு ஓஓய்!" என்று குரல் கொடுப்பார். கார் தன்னைத் தாண்டியதும் பதின்மூன்றுக்காரர் கொடுப்பார். இப்படியே குரல் காரோடு சேர்ந்து மலையேறி இருபதாம் வளைவுக்குப் போகும். அங்கே அக்காவின் கணவர் மாரிமுத்து அண்ணன் மேளக்காரர்களோடு தயாராக நின்று, கார் திரும்பவும் அடி விழவும் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்.

மாரிமுத்து அண்ணன் அக்காவைச் சீண்டாத நாள் கிடையாது. "ஊட்டுக்காரன் வந்தா திரும்பிப் பாக்க மாட்டா. மஞ்சக் காரு வந்தா தொண்டை கிழியக் கத்துவா" என்பார். "நீங்களும் ஒருக்கா இருவது வளைவு ஏறி வாங்க, கத்தறேன்" என்பார் அக்கா.

எங்களில் யாரிடமும் கடிகாரம் இல்லை. ஆனால் கார் எப்போது வரும் என்று ஒவ்வொரு வளைவிலும் ஓர் அளவு வைத்திருந்தார்கள். பதினான்கில் நின்றவருக்கு ஆறு இழுப்பு பீடி. பதினாறில் ஒரு வாய் வெற்றிலைச் சாறு இறங்கும் நேரம். பத்தொன்பதில் என் அப்பா நின்றார். அவருடைய அளவு ஆரஞ்சு. பதினெட்டில் குரல் கேட்டதும் ஒரு சுளையை வாயில் போட்டு, கொட்டையைத் துப்பி, நிதானமாக மென்று விழுங்க வேண்டும். மற்ற கார்கள் நான்காவது சுளைக்கு வரும். மஞ்சள் கார் மூன்றாவது சுளை தொண்டையில் இறங்கும்போது வந்துவிடும்.

எனக்குப் பதின்மூன்று வயதான மார்கழியில் அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். பத்தொன்பதை ஆளில்லாமல் விட முடியாது. அங்கே ஒரு பாறை குறுக்கே நிற்பதால் பதினெட்டின் குரல் இருபதுக்குக் கேட்காது. அப்பா என் கையில் ஆரஞ்சைக் கொடுத்து அனுப்பினார். நானோ பேர் சொல்லிக் கூப்பிட்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்கிற பையன். அன்றைக்கென்று பார்த்து, சேலத்திலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் சோற்றுத் தூக்குப் போசியும் பாயுமாக என் பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. பதினெட்டில் குரல் கேட்டது. ஒரு சுளை, இரண்டு சுளை, மூன்று சுளை. ஹாரன் இரண்டு முறை அடித்தது. மஞ்சள் கார் என் முன்னால் பின்பக்கத்தை வீசித் திரும்பி மறைந்தது. நான் வாயைத் திறந்தேன். அந்தக் குடும்பத்தில் இருந்த பெண்பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை.

இருபதாம் வளைவில் மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். கார் போன பிறகு டீ கிளாசும் கையுமாக ஓடி வந்து காலி ரோட்டுக்கு மேளம் அடித்தார்களாம்.

தனபால் அண்ணன் இறங்கி வந்ததும் முதலில் கேட்டதே அதைத்தான். "ஏனுங்க மாரிமுத்தண்ணா, இந்த வருசம் மேளத்தையே காணோம்? எம்மேல கோபங்களா?"

"எனக்கென்னங்க கோபம்? பத்தொம்பதுல ஒரு மகராசன் நின்னான், அவனக் கேளுங்க. சுளைய முழுங்கடான்னா கொரலையும் சேத்து முழுங்கிட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் அலமேலு அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அக்கா என்னை இழுத்து முன்னால் விட்டார். "நொம்பக் கூச்சப்படற புள்ளைங்க. திட்டிப்போடாதீங்க."

தனபால் அண்ணன் திட்டவில்லை. சுளைக் கணக்கு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மீதி ஆரஞ்சை என் கையிலிருந்து வாங்கித் தின்றார்.

"எனக்கும் கெளம்பறதுக்கு முந்தி தொண்டை அடைச்சுக்கும் கண்ணு. கெளம்பிட்டாச் சரியாப் போயிரும். அடுத்த வருசம் கூப்பாடு போட்டுருவியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டுனா மேல இருக்கறவங்களுக்குக் கேக்குமா சாமி?"

"போட்டுருவேனுங்க" என்றேன். அவருக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

"சரி. நீ கூப்பாடு போடு, நான் மூணு சுளைய ரெண்டாக்கிக் காட்டறேன். நமக்குள்ள இருக்கட்டும்" என்று காதோரம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அந்த வருடம் முழுவதும் நான் பழகினேன். பழம் பறிக்கும் இடத்தில் ஆளில்லாத பக்கமாகப் போய்ச் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக் கத்தினேன். மரத்தின் முன்னால் குரல் நன்றாகவே வந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் நாகலூர் பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து அலமேலு அக்காவிடம் பேப்பரை நீட்டினார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். வேறொரு ஊர் மலையில், வேறொரு பந்தயத்தில், மஞ்சள் கார் ரோட்டை விட்டுப் போய்விட்டது.

மறுநாள் காலை மேகம் இறங்கியது. யாரும் கூப்பாடு போடவில்லை. போட வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. மூன்று பெண்கள் வழி தவறிப் பக்கத்து எஸ்டேட்டுக்குள் போய், அவர்களுடைய பழத்தை அரைக் கூடை பறித்துவிட்டார்கள். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, துக்கம் கொண்டாடறதா இருந்தா நம்ம எல்லைக்குள்ளயே கொண்டாடுங்க" என்று அவர் சொன்னதும் அழுதுகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார்.

மார்கழி வந்தது. "வேற எவன் வண்டியையும் நான் பாக்க வேண்டியதில்ல" என்று அக்கா சொல்லியிருந்தார். ஆனால் பந்தயத்தன்று விடியும் முன் நான் பத்தொன்பதுக்குப் போகும்போது, கீழே இறங்குகிற பாதையில் அவருடைய அரிக்கேன் விளக்கு போய்க்கொண்டிருந்தது. மற்றவர்களும் யாரும் யாரையும் கேட்காமல் அவரவர் வளைவுக்குப் போயிருந்தார்கள். அப்பாவுக்கு உடம்பு நன்றாகவே இருந்தது. "இது உன்ற வளைவு" என்று சொல்லி ஆரஞ்சைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் இருபதுக்குப் போனார்.

அன்று மேகம் விலகவே இல்லை. ரோட்டின் அந்தப் பக்கம் தெரியவில்லை. பந்தயத்தைத் தொடங்காமல் தள்ளிக்கொண்டே போனார்கள். மேலே கொடி பிடிப்பவர், நாங்கள் வெள்ளைத் தொப்பி என்று கூப்பிடுகிற பருத்த மனிதர், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் விசில் ஊதுவது மட்டும் கேட்டது. என் பக்கத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் அளவுக்கு ஆட்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது, ஒரு காரும் கிளம்பாத அந்த நேரத்தில், வெகு கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"மஞ்சக்காரு ஓஓய்!"

அலமேலு அக்காவின் குரல். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான், அக்கா மனம் பொறுக்காமல் கத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு கார் ஒரு வளைவு ஏறும் நேரம் கழித்துப் பதின்மூன்று குரல் கொடுத்தது. பிறகு பதினான்கு. அங்கே ஒருவர் ஆறு இழுப்பு பீடி இழுத்திருப்பார். பதினைந்து. பதினாறில் வெற்றிலைச் சாறு இறங்கியிருக்கும். யாரும் அவசரப்படவில்லை, யாரும் தாமதிக்கவும் இல்லை. வராத கார், வர வேண்டிய நேரத்துக்குச் சரியாக மலை ஏறி வந்துகொண்டிருந்தது.

பதினேழு. பதினெட்டு.

நான் முதல் சுளையை வாயில் போட்டேன். துப்ப மறந்து கொட்டையையும் விழுங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். இரண்டாவது சுளையை மென்றேன். மூன்றாவது சுளை விரலில் இருந்தது. "ரெண்டாக்கிக் காட்டறேன்" என்று தனபால் அண்ணன் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். சுளையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"மஞ்சக்காரு ஓஓய்!"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. கண்ணைத் திறப்பதற்குள் மேலே மேளம் இடி போல விழுந்தது.

அதன் பிறகு இருபதில் நடந்ததை மாரிமுத்து அண்ணன் பல வருடம் நடித்துக் காட்டியிருக்கிறார். கூப்பாட்டைக் கேட்ட வெள்ளைத் தொப்பி பதறிப்போய், ரோட்டில் நின்றவர்களை விரட்டி, கொடியைத் தூக்கிப் பிடித்தாராம். "என்னைக் கேக்காம எவன்யா வண்டிய விட்டது?" என்று கத்தினாராம். மேளம் அடிக்கிறார்கள், மேகம் நகர்கிறது, வண்டி வரவில்லை.

"எங்கய்யா வண்டி?"

"போயிருச்சுங்களே. நீங்க பாக்கலீங்களா?" என்றாராம் மாரிமுத்து அண்ணன்.

"எந்த வண்டி?"

"மஞ்ச வண்டிங்க."

வெள்ளைத் தொப்பி திட்டுவதற்கு வாயைத் திறந்தாராம். மேளக்காரர்களின் முகத்தைப் பார்த்தாராம். பிறகு, கார் முடிவுக் கோட்டைத் தாண்டும்போது செய்வது போலவே கொடியை ஒரு தரம் வீசி இறக்கினாராம். "நல்லா வந்தான்" என்றாராம்.

மேலும் சில வருடம் பந்தயம் நடந்தது. பிறகு நின்றுவிட்டது. இப்போது பத்தொன்பதில் இரும்புத் தடுப்பு இருக்கிறது, மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளைகள் அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழம் பறிப்பவர்கள் மேகம் இறங்கினால் போன் போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் ஆரஞ்சு மரங்களும் பெரும்பாலும் பட்டுவிட்டன. அலமேலு அக்கா இல்லை. மாரிமுத்து அண்ணன் இருக்கிறார், காது கேட்பதில்லை.

போன வருடம் தனபால் அண்ணனின் மகள் எங்கள் ஊருக்கு வந்தார். அண்ணன் இறந்தபோது அந்தப் பெண்ணுக்கு இரண்டு வயதாம். அப்பாவைப் பார்த்தவர்கள் சொல்வதையெல்லாம் போனில் பதிவு செய்து சேர்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் பேசினார்கள். என்னிடம் வந்து, "அந்தக் கடைசிக் கூப்பாட்டுல அப்பா நல்லா ஓட்டுனாருங்களா அண்ணா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். போனை என் வாய்க்கு நேரே நீட்டியதும் பழையபடி சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தலையை மட்டும் ஆட்டினேன். நான் எழுதி அனுப்புவேன் என்று என் மனைவி சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆகவே எழுதுகிறேன் அம்மா. உங்கள் அப்பா நன்றாக ஓட்டினார். பத்தொன்பதை இரண்டு சுளையில் எடுத்தார். மூன்றாவது சுளையை, மேளம் ஓய்ந்த பிறகு நான்தான் தின்றேன்.

மார்கழி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலையிலிருந்து மேகம்.