மூன்றாவது மாடியில் இடி

நான் செய்தது தப்பு என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கல்யாணம் காதுகுத்து என்று சொந்தக்காரர்கள் கூடினால், சாப்பாடு முடிந்த கையோடு யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள். அத்தையின் வேலைக்கு உலை வைத்தவள் இவள்தான் என்று என்னைக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். அந்த ஒயர் மறுபடி என் கைக்கு எட்டினால் மறுபடி பிடுங்குவேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மேற்கு மாம்பலத்தில் இரண்டு அறை வீடு. அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு வந்து எங்களோடு தங்கியிருந்தாள். அனுசரித்துப் போகச் சொல்லி அப்பா அவளிடம் இரண்டு முறை பேசிப் பார்த்தார். மூன்றாவது முறை பேசுவதற்குள் அத்தை வேளச்சேரியில் ஒரு மாலில் வேலை தேடிக்கொண்டுவிட்டாள். வேலை இருக்கிறவரைக்கும் இங்கே இரு, அப்புறம் உன் வீட்டுக்குப் போய்விடு என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அது என் காதிலும் விழுந்தது. ஆனால் மண்டையில் ஏறவில்லை.

அந்த மாலின் மூன்றாவது மாடியில், சாப்பாட்டுக் கடைகளுக்கும் வீடியோ கேம் கூடத்துக்கும் நடுவில், 'மழைக்காடு' என்று ஒரு கண்காட்சி இருந்தது. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் பிளாஸ்டிக் கொடிகள், சிமெண்ட் மரம், மோட்டாரில் ஓடும் அருவி. கண்ணாடிப் பெட்டிகளில் ஆமைகளும் அசையாத இரண்டு பச்சை ஓணான்களும். நடுவில் பெரிய கம்பிக்கூண்டில், நீலமும் மஞ்சளுமாக ஒரு பஞ்சவர்ணக்கிளி. மணிக்கு ஒரு தரம் விளக்குகள் மங்கும், ஸ்பீக்கரில் இடி இடிக்கும், கூரைக் குழாயிலிருந்து தூறல் விழும். வேளச்சேரி ஜனங்கள் மழையைப் பார்க்கக் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். ஐப்பசி வந்தால் அதே மழை அவர்கள் வீட்டு ஹாலுக்குள்ளேயே முழங்கால் அளவுக்கு வந்து நிற்கும்.

அத்தைக்குப் பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி. கூண்டைக் கழுவுவது, பழம் நறுக்கி வைப்பது, இடிக்கு முன்னால் மைக்கில் அறிவிப்பது எல்லாம் அவள் வேலை. எங்கள் வீட்டில் இடி இடித்தால் எல்லோரும் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்வோம். சொன்னால் இடி நம்மேல் விழாது என்பது நம்பிக்கை. அது ஸ்பீக்கர் இடிதான் என்று தெரிந்தும் அத்தையின் வாய் பழக்கத்தில் அதைச் சொல்லிவிடும். கிளி நடுங்குவதைப் பார்த்து, கூண்டருகே போய் அதற்காகவும் இரண்டு முறை சொல்லுவாள். ஆறேழு மாதத்தில் கிளியே கரகரவென்று 'அர்ஜுனா' சொல்ல ஆரம்பித்துவிட்டது.

அத்தை இதை வீட்டில் வந்து சொன்ன அன்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பாகூடச் சிரித்தார். நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தமுக்கடித்தேன். அத்தை அவ்வப்போது கொண்டுவந்து கொடுத்த நீல இறகுகளைச் சமூக அறிவியல் புத்தகத்தில் வைத்து, குட்டி போடும் என்று காத்திருந்தேன். வேண்டிய தோழிகளுக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன்.

கோடை விடுமுறையில் அத்தை என்னையும் வேலைக்கு அழைத்துப் போனாள். முதல் நாள் எனக்கு ராஜமரியாதை. சிமெண்ட் மரத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் விளக்கையும் இடியையும் இயக்குகிற அண்ணன் ஒருவர் இருந்தார்.

"இன்னா பாப்பா, இடி வேணுமா? அந்தச் செவப்பு பட்டனை அமுக்கு" என்றார்.

அமுக்கினேன். மால் அதிர்ந்தது. வெளியே குழந்தைகள் கத்துவதும், கிளி பேசுவதும், ஜனங்கள் கைதட்டுவதும் கேட்டன. அன்று மட்டும் நான் ஏழெட்டு இடி இடித்தேன். அந்த அறையிலிருந்து பார்த்தால் கூண்டு தெரியாது.

மறுநாள் அத்தையோடு கூண்டுக்குப் பின்பக்கம் நின்றேன். கிளியின் நெஞ்சில் உள்ளங்கை அளவுக்கு இறகே இல்லை. தோல் உரித்த கோழி மாதிரி இருந்தது. இது இறகு உதிர்க்கும் காலம் என்று முன்பக்கம் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். இடி இடித்தது. கிளி மூலையில் போய் ஒண்டிக்கொண்டு, கம்பியை அலகால் கவ்விக்கொண்டு நடுங்கியது. 'அர்ஜுனா, அர்ஜுனா' என்றது. சனம் கைதட்டியது. தட்டி முடித்ததும் கிளி தலையைக் குனிந்து, தன் நெஞ்சிலிருந்து ஒரு இறகைத் தானே பிடுங்கிக் கீழே போட்டது. அத்தை சட்டென்று குனிந்து அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பார்ப்பவர்கள் கண்ணில் படக்கூடாது என்பது மேனேஜர் உத்தரவாம்.

என் புத்தகத்தில் இருந்தவை எல்லாம் எப்படி வந்தவை என்று எனக்கு அப்போது தெரிந்தது. ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இடியை நிறுத்தச் சொல்லேன் என்று அத்தையைப் பிடித்து உலுக்கினேன். சொல்லியாகிவிட்டது என்றாள். அந்தக் கிளி பேசுகிறது என்றுதான் கூட்டமே வருகிறதாம். மணிக்கு ஒன்றாக இருந்த இடி, அது பேச ஆரம்பித்த பிறகுதான் கால் மணிக்கு ஒன்றாக ஆனதாம். வாசலில் 'பேசும் கிளி' என்று புதுசாகப் போர்டு வைத்ததும் அதற்குப் பிறகுதான். வாயை மூடிக்கொண்டு நில் என்றாள். எனக்கு அது மட்டும் வராது.

சனிக்கிழமை நல்ல கூட்டம். அத்தை அறிவிக்க மைக்கை எடுத்தபோது அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"கிளி வித்தை காட்டலை. அது பயப்படுது. பயந்தா எங்க வீட்டுல அப்பிடித்தான் சொல்லுவோம். யாரும் கைதட்டாதீங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். எவ்வளவு அழகாகப் பேசுகிறது குழந்தை என்று ஒரு அம்மாள் என் கன்னத்தைக் கிள்ளினாள். விளக்கு மங்கத் தொடங்கியது. நான் மைக்கைப் போட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் ஓடினேன். அண்ணன் பட்டனில் விரல் வைப்பதற்குள், சுவரிலிருந்த தடித்த ஒயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அதில் இடி மட்டுமல்ல, அருவி, தூறல், விளக்கு எல்லாமே இருந்திருக்கிறது. காடு முழுக்க இருட்டிப்போய், பக்கத்துக் கூடத்தில் வீடியோ கேம் சுடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கிளி ஒரு வார்த்தை பேசவில்லை.

டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டுச் சனம் கத்தியது. கழுத்தில் டையோடு மேனேஜர் ஓடி வந்தார். யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் சார் புடுங்கினேன்."

பொய் சொல்கிறாள், நான்தான் பிடுங்கினேன் என்று குதித்தேன். யாரும் என்னைச் சட்டை செய்யவில்லை. மேனேஜர் நிதானமாகத்தான் பேசினார்.

"அந்தக் கிளிக்குப் பேசச் சொல்லிக்குடுத்தது யாரும்மா? நீங்கதானே? இப்போ என்ன புதுசா பாவம் பாக்கிறீங்க?"

அத்தை தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்தாள். எங்களுக்குப் பின்னால் யாரோ ஒயரைச் சொருகினார்கள். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் இடி இடித்தது. கிளி கூப்பிட்டது. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

தி.நகர் பஸ்ஸில் நான் உர்ரென்று வந்தேன். என் வீரத்தை அத்தை திருடிக்கொண்டாள் என்று எனக்கு மனத்தாங்கல். அவள் என்னைத் திட்டவே இல்லை. வீட்டில் அப்பா, அப்படியானால் மாப்பிள்ளைக்குப் போன் போடட்டுமா என்று கேட்டார். போட்டால் நான் பேசமாட்டேன், ஒரு வாரம் பொறு என்று அத்தை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவள் அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஐந்தாம் நாள் பாண்டி பஜார் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். புருஷன் வீட்டுக்கு அவள் போகவே இல்லை. மழைக்காடு அப்புறமும் ஒரு வருஷம் நடந்துவிட்டு மூடப்பட்டது. கிளியை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டதற்கு, ஷிஃப்ட் பண்ணிட்டாங்க என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

அந்த மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. முதல் இடி எங்கள் மொட்டை மாடியிலேயே விழுந்த மாதிரி இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து 'அர்ஜுனா' என்றாள். அப்பாவும் சொன்னார், எதிர்வீட்டிலும் சொல்வது கேட்டது. ஜன்னலருகே உட்கார்ந்திருந்த அத்தை மட்டும் உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாள். அடுத்த இடிக்கும் அப்படியே இருந்தாள். அத்தைக்கு இடி என்றால் இனிமேல் பயமே இல்லை என்று நினைத்துக்கொண்டு, நான் பெருமையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.