ஊதுபத்திக்குக் கீழே தாய்மாமன்

கல்யாண அழைப்பு வீடியோ செய்து பிழைக்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தால் போதாது, சம்பந்தி சண்டையும் தெரிந்திருக்க வேண்டும். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு இது புதிதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் இரக்கப்படுங்கள்.

கெடு

நிலக்கரி மைன்ஸை ஒட்டிய வடக்குத்து என்ற ஊரில் எங்கள் கடை. நானும் முரளியும் கூட்டு. மைன்ஸ் டவுன்ஷிப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் பழகியது லேயர் மென்பொருள். போட்டோ, பெயர், பூ எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். முரளி சென்னையில் சினிமா கிராபிக்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அவன் பழகியது நோடு. அதில் ஒவ்வொன்றும் ஒரு பெட்டி, பெட்டிகளைக் கோடு போட்டு இணைக்க வேண்டும்.

கடைக்கு இனி எது என்று தினமும் தகராறு. அவன் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான். பூ உதிர்வதை அவனைப் போல் உயிரோடு செய்ய எனக்குக் கை வராது. அது தெரிந்துதான் ஒரு நாள் கெடு வைத்தான். "லேயர்லயே ஓட்டறதா இருந்தா சொல்லிடு, நான் சென்னைக்கே பஸ் ஏறிடறேன்."

அடுக்கில் வந்த அவமானம்

எங்கள் பக்கத்தில் வேலையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. குடும்பத்தோடு வந்து நம் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள். அன்று வந்தது மாப்பிள்ளை வீடு. பையன் மைன்ஸில் பெர்மனன்ட். அந்த மிடுக்கு மொத்தக் குடும்பத்துக்கும் இருந்தது. கூடவே தாய்மாமன், காடாம்புலியூர் முந்திரித் தோப்புக்காரர்.

திரையில் மாமன் பட்டு வேட்டியில் ஜம்மென்று நின்றார். அவரோ படத்தைப் பார்க்கவில்லை, ஓரத்திலிருந்த லேயர் பட்டியலைப் படித்தார். மாப்பிள்ளை, அப்பா, அம்மா, குத்துவிளக்கு, ஊதுபத்திப் புகை, அதற்கும் அடியில் தாய்மாமன். "படத்துல எங்கனா நிக்கறேன் தம்பி, பட்டியல்ல ஊதுபத்திக்கும் கீழயா நானு?" என்று எழுந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் அவரைப் பட்டியலின் உச்சியில் ஏற்றினேன். மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும் என்பது லேயரின் சட்டம். மாப்பிள்ளை முகம் மாமன் தோளுக்குப் பின்னால் காணாமல் போனது. மாமன் திருப்தியாக உட்கார்ந்தார். "இப்பதான் தம்பி கல்யாண வூடு மாதிரி இருக்குது."

கோடு போட்ட வம்பு

முரளிக்கு ஒரே கொண்டாட்டம். நோடில் மேல் கீழ் கிடையாது, எல்லாரும் சமம் என்று சொல்லி அதே வீடியோவை நோடில் மாற்றினான்.

மறுநாள் பார்க்க வந்தது பெண் வீடு. பெண்ணின் அப்பா அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. எல்லாரும் சமம் என்ற பேச்சை அவர் நிறையக் கேட்டிருப்பார் போல. திரையில் விரலை வைத்துக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனார். மகள் பெட்டியிலிருந்து கிளம்பிய கோடு சம்பந்தி வீட்டுக் கோட்டில் போய்ச் சேர்ந்து, ஒரே கோடாக வெளியே வந்தது. இணைத்தால்தான் படம் வரும் என்று முரளி மென்று விழுங்கினான். சிரிக்கத் தயாராக இருந்த எனக்கு, அவர் கேட்ட கேள்வியில் சிரிப்பு வரவில்லை. "எம் பொண்ணு தனியா வெளிய வர்றதுக்கு வழியே வக்கலீங்களா?"

முடிவுக் காட்சி

ஒருவழியாக, வாடிக்கையாளர் பக்கம் ஒரு பழைய டிவியைத் திருப்பி வைத்தோம். அதில் படம் மட்டும் தெரியும்; பட்டியலும் தெரியாது, கோடும் தெரியாது. இரண்டு வீட்டாரும் சமாதானமாகி வீடியோவை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் முரளி பையில் துணியை அடைத்துக்கொண்டிருந்தான். "சரிடா, இனிமே நோடுதான், போதுமா?" என்று இறங்கி வந்தேன்.

அவன் டிவியைக் காட்டினான். வீடியோவின் கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கடை பெயர், அதன் கீழே என் பெயர், என் பெயருக்குக் கீழே அவன் பெயர். எத்தனை வீடியோவில் இதையே ஒட்டியிருக்கிறேன்! மாமனைப் பார்த்துச் சிரித்த எனக்கு இது ஒரு நாளும் கண்ணில் படவில்லை. வெட்கமாகப் போயிற்று. முரளி பையைக் கீழே வைக்காமலே சொன்னான்: "ரெண்டு பேரையும் ஒரே வரியில போடுடா. அப்புறம் லேயரோ நோடோ, எந்த எழவுல வேணா பண்ணிக்கோ."

ஆக, லேயரா நோடா என்று கேட்கிறவர்களுக்கு இரண்டுமே நல்ல மென்பொருள்தான் என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒரே வரியில் இடப்பக்கம் முதலில் யார் பெயர் என்ற தகராறில்தான் எங்கள் கடை இப்போது நின்றுகொண்டிருக்கிறது.