மாடி வீடு கேட்டு வந்த சோலைராசு அண்ணன்

சோலைராசு அண்ணன் இறந்துவிட்டார் என்று மேலூரிலிருந்து போன் வந்தபோது, என் வீட்டு மாடியை வாடகைக்குப் பார்க்க வந்த ஒருவரிடம் "தண்ணிக் கஷ்டமே கிடையாது சார்" என்று அளந்துகொண்டிருந்தேன். ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்ன ஆச்சு என்று வந்தவர் கேட்டார். என் பழைய வீட்டுக்காரர் தவறிவிட்டார் என்றேன். அதற்கா இப்படி என்பதுபோல் பார்த்தார்.

அண்ணனின் வளவில் குடியிருந்த ஆறு குடும்பத்துக்குத்தான் அது புரியும். வரிசையாக ஆறு வீடுகள், ஒரே மோட்டார். துணி காயப்போடும் கொடிக்கு நடக்கும் சண்டைக்குக்கூட அவர்தான் வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஸ்பேனரும் கையுமாக வருவார். "வீட்டுக்காரன்னுதான் பேரு. கொத்தனாரும் நானே, கொழாய் ரிப்பேரும் நானே" என்று புலம்பிக்கொண்டே வாஷர் மாற்றுவார். சுவரில் யாராவது ஆணி அடித்தால் மட்டும் முகம் சுண்டிப்போகும்.

தொண்ணூறுகளின் நடுவில் என் அம்மாவை, இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர்கள் கைவிட்டார்கள். வாடகை வீட்டில் உயிர் போவதை எந்த வீட்டுக்காரரும் ஒப்ப மாட்டார். நட்சத்திரம் சரியில்லாத நாளில் இறந்தால் அடைப்பு என்று வீட்டை மாதக்கணக்கில் பூட்டிப்போட வேண்டும். பிறகும் குடிவர ஆள் தயங்கும். வளவு வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு விழித்துக்கொண்டு நின்றேன். "ஆத்தாவத் தூக்கிக்கிட்டு எங்கய்யா அலைவ? உள்ள கொண்டா" என்றார் அண்ணன்.

அம்மாவின் உயிர் அங்கேதான் போனது. அடைப்பும் விழுந்தது. காலியாக இருந்த கடைசி வீட்டுக்கு எங்களை மாற்றிவிட்டு, அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டி வைத்தார். பக்கத்து வீட்டார் பயந்து காலி செய்தார்கள். அண்ணன் ஒருநாள்கூட என்னிடம் முகம் கோணவில்லை.

பின்னாளில் பாகப்பிரிவினையில் வளவு கைமாறிப் போக, அவரே மேலூரில் வாடகைக்குக் குடியேறினார். மூன்று மாதத்துக்கு முன், மதுரை வண்டியூரில் நான் கட்டிய வீட்டைத் தேடி வந்தார். இதய நோய் வந்து ஆள் பாதியாகியிருந்தார்.

"மாடி சும்மாதான தம்பி கெடக்கு? நானும் ஒன் மதினியும்தான். ஆஸ்பத்திரிக்குப் போக வர இம்புட்டுத் தூரம் முடியல."

அவர் முகத்தைப் பார்த்தேன். பாவி, எனக்கு அடைப்புதான் நினைவுக்கு வந்தது. "வெள்ளையடிக்கணும்ணே, கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். புத்தம் புது வீடு, பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை. "சரிப்பா, நல்லா அடி" என்று சிரித்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறப் போனார்.

நெஞ்சுவலி வந்து மதுரைக்குக் கொண்டுவரும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். மேலூருக்கு மாலையோடு போனேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒன் வீட்டுல இருந்திருந்தா பொழைச்சிருப்பாருப்பா. நீ வா வான்னு அம்புட்டுக் கூப்பிட்டியாமே. மாடிப்படி செங்குத்தா இருக்கு, நம்மால ஏற முடியாதுன்னு இவருதான் வேணாம்னுட்டாரு."

அண்ணன் அன்று மாடிப்படியில் கால்கூட வைக்கவில்லை. மதினியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதைப் படிக்கும் உங்களிடமாவது சொல்கிறேன்: வீடு கொடுக்காதவன் நான். என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன அந்தப் பொய்தான், அண்ணன் எனக்கு விட்டுப்போனது.