பின்கட்டுக்கு ஒரு கம்பி

கணியம்பாடிப் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒத்துவரவில்லை, பிறந்த மலைக்கே திரும்பி வந்துவிட்டேன். நான் அழுதுகொண்டு வரவில்லை என்பதுதான் என் வீட்டாருக்கு முதல் குறை. துணி மூட்டையோடு ஒரு பழைய கம்ப்யூட்டரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தது இரண்டாவது குறை. பெட்டியை இறக்கும்போது அண்ணன் பார்த்துவிட்டு, "இன்னா அது, டிவியா?" என்று கேட்டார். "என் வேல" என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

சென்னைப் பதிப்பகங்களுக்குக் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, பக்கம் அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். புருஷன் வீட்டில் இருந்தபோதே கற்றுக்கொண்டது. அங்கிருந்து நான் கொண்டுவந்தவற்றில் அது ஒன்றுதான் உருப்படி.

அப்பா இறந்த பிறகு வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்திருந்தார்கள். சாலையைப் பார்த்த முன்கட்டு அண்ணனுக்கு, பின்கட்டு அம்மாவுக்கு. அம்மாவோடு நான். அப்பா எங்கள் ஊர்த் தபால் ஆபீஸைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் ஊரில் முதலில் டெலிபோன் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அவர் போன பிறகு இணைப்பை அம்மா பெயருக்கு மாற்றினார்கள். பெயர்தான் அம்மாவுடையது, போன் இருந்தது அண்ணன் வீட்டுக் கூடத்தில். அங்கிருந்து ஒரு வயர் சுவரில் போட்ட துளை வழியாகப் பின்கட்டுக்கு வந்து, எங்கள் சமையலறை அலமாரியில் இன்னொரு போனில் முடிந்தது. இரண்டும் ஒரே லைன். இங்கே நான் எடுத்துப் பேசினால் அங்கே யார் வேண்டுமானாலும் எடுத்துக் கேட்கலாம். கேட்டார்கள். நான் பேசத் தொடங்கியதும் ஒரு சின்ன 'டக்' சத்தம் வரும், குரல் கொஞ்சம் இறங்கிப்போகும். அண்ணி எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

ஒருநாள் சாயங்காலம் அண்ணன் பின்கட்டுக்கு வந்து நின்றார்.

"யாரு அவன், அந்த அத்தியாயத்த எடுத்துடலாமான்னு உன்ன கேக்கறவன்?"

"பதிப்பகத்துல வேல செய்றவரு."

"அதுக்கு நீ இன்னாத்துக்கு சிரிக்கிற?"

அந்த அத்தியாயம் அவ்வளவு மோசமாக எழுதப்பட்டிருந்தது, அதனால் சிரித்தேன். இதை எப்படி அவரிடம் விளக்குவது? விளக்கவில்லை. சிரிக்கத் தோன்றியபோது மறுபடியும் சிரித்தேன்.

வேலையை முடித்தால் அனுப்ப வழி இல்லை. செல்போனுக்கு டவர் வேண்டுமானால் ஊருக்கு மேற்கே இருக்கும் பாறைமேல் ஏற வேண்டும். அங்கேயும் பேசத்தான் முடியும், ஃபைல் போகாது. பென்டிரைவை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு காலை பஸ்ஸில் திருப்பத்தூருக்கு இறங்குவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் மலையேறுவேன். ஒரு ஃபைலுக்கு ஒரு நாள் முழுதாகப் போகும். ஒரு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் மண் சரிந்தது, பஸ் நின்றுவிட்டது. முடித்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சென்னையில் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த புத்தகத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று கெட்டியானது அந்த வாரம்தான்.

எங்கள் ஊருக்கு அருகிலேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. அதில் புதிதாகக் கருவி வைத்திருக்கிறார்கள், இனி போன் கம்பியிலேயே இன்டர்நெட் வரும் என்று லைன்மேன் கடையில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அன்றைக்கே அம்மாவிடம் கையெழுத்து வாங்கி எழுதிப்போட்டேன். அம்மா எதற்கென்று கேட்கவில்லை. "பஸ்ஸுல போவ வேணாம் இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

மோடத்தை எடுத்துக்கொண்டு லைன்மேன் வந்தார். ஓய்வுக்கு நெருங்கிக்கொண்டிருந்த ஆள். முட்டி வலி, டீ போதவில்லை, மேலதிகாரி சரியில்லை என்று பேசிக்கொண்டே பின்கட்டு வயரில் மோடத்தை மாட்டினார். லைன் பிடித்தால் எரிய வேண்டிய பச்சை விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கியது, நின்று எரிந்தது, அணைந்தது. மறுபடி மினுக்கியது. முன்கட்டில் யாரோ போனை எடுத்ததும் சுத்தமாகச் செத்தது.

அவர் ஒரு சின்ன வெள்ளை டப்பாவைக் காட்டினார். ஸ்பிளிட்டர் என்றார். பேச்சும் இன்டர்நெட்டும் ஒரே கம்பியில் சேர்ந்து வரும், இந்த டப்பாதான் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக அனுப்பும். கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே இதைப் போட வேண்டும், இதற்கு முன்னால் கிளை எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டிலோ கிளையே நான்தான்.

"முன்ன கூடத்துல வச்சிட்டா பிரச்சன இல்லம்மா. மோடமும் அங்கயே இருக்கட்டும்" என்றார்.

சத்தம் கேட்டு அண்ணனும் வந்துவிட்டார். அவருக்கு அந்த யோசனை பிடித்துப்போனது.

"அதான் நல்லது. கம்ப்யூட்டர இங்க கொண்டாந்து வச்சிக்கோ. கூடத்துல உக்காந்து பண்ணு. யாரு வேணான்னது?"

அண்ணியும் தலையாட்டினார். லைன்மேனுக்கு வேலை முடிந்தால் போதும். எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அண்ணன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், நான் அவர் கண் எதிரே உட்கார்ந்து வேலை செய்வேன். திரையில் இருப்பது என்ன, எழுதுவது யார், எப்போது எழுந்து போகிறேன், எல்லாவற்றுக்கும் ஒரு கண் இருக்கும். நான் விட்டு வந்த புருஷன் வீடும் அப்படித்தான் இருந்தது.

"வேணாம்ணா. என் வேல என் எடத்துலதான்" என்றேன்.

"அப்போ இன்டர்நெட்டும் வேணாம்னு உட்டுடு."

"அதயும் உடமாட்டேன்."

முதலில் சமாதானமாகத்தான் முயன்றேன். முன்கட்டுப் போனுக்கு மட்டும் ஒரு ஃபில்டர் வாங்கி மாட்டினேன். அது போனுக்கும் சுவருக்கும் நடுவே தொங்கி, போன் இன்டர்நெட்டைக் கெடுக்காமல் தடுக்கும் சின்ன டப்பா. அதை மாட்டியதும் பின்கட்டில் பச்சை விளக்கு நின்றது. என் சமையலறையிலிருந்து ஒரு புத்தகம் முழுதாகச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அம்மாவுக்குப் பாயசம் வைத்தேன்.

இரண்டாவது புத்தகம் பாதி போய்க்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தது. முன்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஃபில்டரைக் கழற்றி ஜன்னல்மேல் வைத்திருந்தார்கள். "அத்த மாட்டினா போனு சரியா கேக்க மாட்டேங்குது" என்றார் அண்ணன். மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் மறுபடி ஜன்னலில் இருந்தது. மறுபடி மாட்டினேன். அடுத்தமுறை தேடியபோது ஜன்னலிலும் இல்லை.

லைன்மேனைப் பார்க்க எக்ஸ்சேஞ்சுக்கே போனேன். கம்பத்திலிருந்து நேராகப் பின்கட்டுக்குத் தனிக் கம்பி இழுக்க முடியுமா என்று கேட்டேன்.

"இழுக்கலாம். ஆனா உங்கண்ணன் வூட்டுக் கூரை மேலதான் வரணும். அவரு உட மாட்டாரே."

"சுத்தி வந்தா?"

"சுத்தினா அவ்ளோ வயர் ஆபீஸ்ல குடுக்க மாட்டாங்க. நடுவுல தாங்க கம்பமும் இல்ல. என்னாலயும் மரமெல்லாம் ஏற முடியாதும்மா."

"வயர் நான் வாங்கறேன். மரம் நான் ஏறறேன். கம்பத்துல மட்டும் நீங்க சேத்துக் குடுப்பீங்களா?"

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "சேத்துக் குடுக்கறதுல இன்னா கீது" என்றார்.

திருப்பத்தூரிலிருந்து கறுப்பு வயர்ச் சுருளை வாங்கிவந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் பம்புசெட்டுக்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சாலைக் கம்பத்தில் தொடங்கி, ஓரமாகவே வந்து, எங்கள் சாமைக் காட்டு வரப்பில் திரும்பி, வீட்டின் பின்பக்கத்தைத் தொட வேண்டும். அதுதான் என் கணக்கு. வரப்பில் நடுவதற்கு மூங்கில் வெட்டினேன். காட்டின் மூலையில் பெரிய புளியமரம் நிற்கிறது. அதன் கிளையில் தூக்கிக் கட்டினால்தான் மாடு கன்று படாத உயரத்தில் வயர் போகும்.

மூங்கில் நடுவதைப் பார்த்துவிட்டு அண்ணன் காட்டுக்கு வந்தார். பின்னாலேயே ஊர்க்காரர்கள் சிலர்.

"யாரக் கேட்டு நட்ற? இது குடும்பத்து காடு. புளியமரத்துல கை வைக்காத. பொட்டச்சி மரமேறி ஊருல யாரும் பாத்ததில்ல."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா பேசினார். களை பறித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"காடு என் பங்குல கீது. மரமும் என் பங்குதான். பிரிச்சப்போ நீதான் நல்ல காடெல்லாம் எடுத்துக்கினு இத என் தலைல கட்டின. அது ஏறட்டும்."

அண்ணன் அம்மாவிடம் அப்படி ஒரு பேச்சை வாங்கியதில்லை. நானும் கேட்டதில்லை. நான் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினேன். சின்ன வயதில் ஏறிய பழக்கம்தான், ஆனால் உடம்பு கனத்திருந்தது. பாதி உயரத்தில் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. கீழே நின்றவர்கள் போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பார்க்கட்டும் என்று மெதுவாகவே கட்டினேன், நன்றாக இறுக்கியே கட்டினேன்.

கம்பத்தில் சேர்க்கும் நாளில் லைன்மேன் தயங்கினார். அண்ணன் அவரிடம் ஏதோ சொல்லியிருந்தார்.

"குடும்பத் தகராறுல என்ன இழுக்காதீங்கம்மா. பழைய லைன எடுத்தாத்தான் இத சேக்க முடியும். அவரு போன் கட் ஆயிடும்."

"லைன் யாரு பேருல இருக்குது?" என்று அம்மாவே கேட்டார்.

"உங்க பேருல."

"அப்போ நான் சொல்றேன். எடுத்துட்டு இத சேரு."

ஏணியில் ஏறி, கம்பத்துப் பெட்டியைத் திறந்து பழைய கம்பியைக் கழற்றினார், புதியதை முடுக்கினார். நான் வீட்டுக்கு ஓடினேன். கம்பி உள்ளே வரும் இடத்தில் ஸ்பிளிட்டரை ஏற்கெனவே சுவரில் அறைந்து வைத்திருந்தேன். ஒரு பக்கம் போன், ஒரு பக்கம் மோடம். பச்சை விளக்கு மினுக்கியது, பிறகு நின்று எரிந்தது. போனை எடுத்துக் காதில் வைத்தேன். இரைச்சல் இல்லை, 'டக்' இல்லை. கொஞ்ச நேரம் யாருக்கும் போட்டுப் பேசாமல் அந்த டயல்டோன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வந்து கத்தினார். அப்பா வைத்த போனைச் சாகடித்துவிட்டேன் என்றார். அப்பா எனக்கும் அப்பாதான் என்றேன். வேண்டுமானால் அவர் பெயரில் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளட்டும், விண்ணப்பம் நானே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் போடவில்லை. ரோஷம்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் வயர் வரப்பில் அறுந்து கிடந்தது. முனை இரண்டும் கொடுவாளில் வெட்டிய மாதிரி சீராக இருந்தன. யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் மாடு இழுத்திருக்கும் என்பார்கள். எங்கள் மலையில் அவ்வளவு உயரத்துக்கு எகிறும் மாடு கிடையாது. செம்பு இழைகளைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, முறுக்கி, மேலே நன்றாக டேப் சுற்றினேன். பிறகு கை கழுவிக்கொண்டு கடைப்பக்கம் போனேன். அண்ணன் அங்கே நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அந்த வயர யாரோ வெட்டிட்டாங்க. நான் சேத்துட்டேன். மறுபடி வெட்டினா மறுபடி சேப்பேன். வீட்ல ஒரு சுருளு மிச்சம் கீது."

இன்னொரு முறையும் அறுந்தது. சேர்த்தேன், மூங்கிலை எடுத்துவிட்டு உயரமான கம்புகளாக நட்டேன். அதற்கப்புறம் அறுபடவில்லை.

முன்கட்டுப் போன் செத்ததில் அதிகம் இழந்தவர் யார் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு மத்தியானம் அண்ணி பின்வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லயாம். உன் போன்ல ஒருவாட்டி பேசிக்கவா?"

"பாறைமேல போயி செல்போன்ல பேசலயா அண்ணி?"

"அங்க ஊரே உக்காந்துகினு கீது. வூட்ல போன் இருந்தப்போ அவரு நாற்காலிய உட்டு எழுந்திருக்க மாட்டாரு." முன்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கட்டிக்கினு வந்ததுல இருந்து எங்கம்மாகிட்ட தனியா பேசினதே இல்ல."

என் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டவர்தான். கோபம் எனக்கு இன்னும் இருந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் அவர் பேசியதை எல்லாம் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. போனைக் காட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் தேடிக்கொண்டு வந்தார். அன்றைக்கு வந்து கத்திவிட்டுப் போன பிறகு பின்கட்டுப் பக்கம் அவர் வருவது அதுதான் முதல் தடவை.

"அவ இங்க வந்தாளா?"

"உள்ள பேசிக்கினு இருக்காங்க. முடிச்சிட்டு வருவாங்க."

"இன்னா பேசறா?"

"தெரியாதுண்ணா. நான் கேக்கல."

கதவைத் தள்ள ஓரடி எடுத்து வைத்தார். நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன். என்னைப் பார்த்தார், மூடிய கதவைப் பார்த்தார். என் தோளைத் தாண்டிக் கை நீட்டினால் கதவு திறந்துவிடும். நீட்டவில்லை. ஏதோ முணுமுணுத்தபடி முன்பக்கம் போய்விட்டார்.

அண்ணி வெகுநேரம் பேசினார். அவர் முடிக்கிறவரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.