நாலாவது ரீடிங்

சுமை ஏற ஏற மோட்டாரின் வேகம் குறையும். நான் பாடம் எடுக்கும் எலக்ட்ரிகல் பிரிவில் கடைசி பெஞ்சுக்கும் தெரிந்த சங்கதி இது. போன வாரம் கையெழுத்துக்கு வந்த ரெக்கார்டு நோட்டில் மட்டும், நாலாவது ரீடிங்கில் வேகம் கூடியிருந்தது. சுள்ளென்று கோபம் வந்தது. எண்களை இன்னொரு முறை பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

பெரம்பலூரில் இதே கல்லூரியில்தான் நானும் படித்தேன். இதே சோதனைக்கு நாங்கள் நாலு பெண்கள். மோட்டாருக்குச் சுமையேற்ற ஒருத்தி பெல்ட்டை இறுக்குவாள், ஒருத்தி பெல்ட் உரசிச் சூடேறும் டிரம்முக்குள் தண்ணீர் ஊற்றுவாள், ஒருத்தி வேகம் பார்ப்பாள், நான் எழுதுவேன். இரண்டு ரீடிங் எடுத்ததும் கரண்ட் போய்விட்டது. மின்சாரம் படிக்க வந்தவர்கள், கரண்ட் போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டோம். கேன்டீனில் இரண்டு பப்ஸை நாலாகப் பிய்த்துத் தின்றோம். துப்பட்டாவெல்லாம் கருகிய பெல்ட் வாசனை. இன்றைக்கும் லேபில் அந்த வாசனை வந்தால் மூன்று பேரையும் தேடுகிறது மனசு.

மீதி ரீடிங்கை அரியலூர் பஸ்ஸில் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினேன். சிமெண்ட் லாரிகள் ஓடி ஓடிக் குழியான ரோடு. ஒரு குலுக்கலில் வரி மாறி, நாலாவது ரீடிங்கில் வேறு வரியின் வேகம் விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, முழு மார்க்கும் வந்தது. என் நோட்டை ஜூனியர் வாங்கிப் போனாள், அவளிடமிருந்து இன்னொருத்தி. ஈயடிச்சான் காப்பியாகக் கைமாறிக் கைமாறி, கடைசியில் என் மேசைக்கே வந்திருக்கிறது.

நோட்டைக் கொண்டுவந்தவள் மீன்சுருட்டி ஊர்ப் பெண். மறுநாள் பிராக்டிகல். என் கையெழுத்து இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

"இதெல்லாம் நீ எடுத்ததா?"

"ஆமாங்க மேம்," என்றாள். முகம் சுண்டிவிட்டது.

திட்ட எனக்கு வாய் ஏது? அவளையும் அவளோடு சேர்ந்த மூன்று பேரையும் லேபுக்குக் கூட்டிப்போய் மோட்டாரைப் போடச் சொன்னேன். ஒரு மணி நேரம் ரீடிங் எடுத்தார்கள். வரைபடம் புத்தகத்தில் இருப்பதுபோல் வழுவழுவென்று வரவில்லை, நடுவில் கோணியிருந்தது.

"கோணலா இருக்கே மேம். கொஞ்சம் மாத்திக்கட்டுமா?"

"வேணாம். மீட்டர் காட்டுனத எழுதியிருக்க. அப்படியே இருக்கட்டும்."

என்னைக் கேட்டால், இந்த நாலு வருஷப் படிப்பில் பிள்ளைகள் எடுத்துப்போக வேண்டியது இந்தத் துணிச்சல்தான். வேலையும் சம்பளமும் அதற்கப்புறம். எனக்கு அது வாய்க்கவில்லை. அதனால் சொல்லிவிட்டேன்: "நீ காப்பியடிச்சது என் நோட்டும்மா."

நாலு பேரும் சிரிப்பதா வேண்டாமா என்று விழித்தார்கள். பிறகு அவள்தான் மெல்லக் கேட்டாள்.

"அப்ப உங்களுக்கு நாலாவது ரீடிங் எப்படி மேம் அப்படி வந்துச்சு?"

"அந்த ரீடிங்க நாங்க எடுக்கவே இல்லம்மா."

கையெழுத்துப் போட்டேன். தண்ணீர் ஊற்றியவள் துபாயில் இருக்கிறாள், வேகம் பார்த்தவள் சென்னையில். பெல்ட் இறுக்கியவள் இப்போது இல்லை. எங்கள் நாலு பேரையும் இனி ஒரு மோட்டார் முன்னால் சேர்த்து நிறுத்த முடியாது.