மஞ்சள் முடி முன்னோர்

நம்ப மாட்டீர்கள், காரைக்காலில் பிறந்த எனக்குச் சின்ன வயதில் மஞ்சள் முடியும் நீலக் கண்ணும் உள்ள முன்னோர்கள் இருந்தார்கள். ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. பிரான்சில் பிள்ளைகள் படித்த சரித்திரத்தையே எங்களையும் ஒப்பிக்க வைத்தார்கள். நம் முன்னோர்கள் கோலுவா என்ற இனத்தார், காட்டில் குடிசை போட்டு வாழ்ந்தார்கள், பன்றி வேட்டையாடித் தின்றார்கள். எண்ணெய் வழியும் கறுப்புத் தலைகள் எல்லாம் சேர்ந்து ராகம் போட்டுச் சொல்வோம். வாத்தியாரும் எங்களைப் போலக் கறுப்புதான். அவர் முகத்தில் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

அந்தத் தை மாதம் அப்பாவின் தங்கையான அத்தையைப் பெண் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து வந்தார்கள். முன்பு வந்த இரண்டு இடமும் அத்தையின் தெத்துப்பல்லால் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி யார் வருவார்கள் என்று அம்மா அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாயைத் திறக்கவே கூடாது என்று அத்தைக்குக் கட்டளை. எனக்கு யாரும் அப்படிச் சொல்லிவைக்கவில்லை, அதுதான் பிசகு.

வரும் வழியில், பிரெஞ்சு எல்லையான வாஞ்சூரில் கஸ்டம்ஸ்காரர்கள் பூக்கூடையைக்கூடக் கிளறிப் பார்த்ததில் மாப்பிள்ளையின் பெரியப்பா கடுகடுவென்று இருந்தார். கேசரி உள்ளே போனதும் கொஞ்சம் இளகி, என்னைக் கூப்பிட்டு, "பள்ளிக்கூடத்துல என்ன பாப்பா சொல்லிக்குடுக்குறாங்க?" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு பிரெஞ்சில் ஒப்பித்தேன். அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் தமிழிலும் சொன்னேன்.

"நம்ம முன்னோருக்கெல்லாம் மஞ்ச முடிங்க. காட்டுப்பன்னி அடிச்சுத் தின்னாங்க."

எங்களுடையது வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடச் சேர்க்காத சைவ வீடு. பெரியப்பா தட்டைக் கீழே வைத்தார்.

"யாரோட முன்னோரு?"

"அப்பாவோட முன்னோருதாங்க" என்றேன் பெருமையாக.

"அது பிரெஞ்சுப் பாடங்க, எல்லாப் பிள்ளைங்களும் ஒப்பிக்கும்" என்று அப்பா சொன்னது எடுபடவில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமலே எனக்கு அழுகை முட்டியது.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை பேசினார். "நாம மட்டும் என்ன பெரியப்பா? லண்டன் ராசா நல்லா இருக்கணும்னு நானுந்தான் பள்ளிக்கூடத்துல பாடுனேன். அவரு நமக்குப் பங்காளியா?"

கதவுப் பக்கம் பலத்த சிரிப்பு கேட்டது. அத்தை தெத்துப்பல் தெரிய, அடக்க மாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா கிள்ளியும் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்த மாப்பிள்ளை பார்வையை எடுக்கவேயில்லை. பெரியப்பா மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

எங்கள் வம்சப் பெருமையைக் கேட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள் என்று நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளையிடமே போய், "மாமா, நீங்களும் கோலுவாவா?" என்று கேட்டேன்.

"இனிமேதான் பாப்பா" என்றார்.

பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாத காலம் அது. மறுவீட்டுக்கு வந்த அத்தை, "கோலுவாவுக்குக் காப்பி வேணுமான்னு கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்பினாள். கேட்டதும் மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு பிரெஞ்சுக் கொடி இறங்கியது. புதுப் புத்தகம் வந்தது, அதில் எங்களுக்கு வேறு முன்னோர்கள் இருந்தார்கள். அத்தை மட்டும் மாமாவைக் கடைசிவரை கோலுவா என்றே சொன்னாள். பாவம், அத்தைக்கு இன்னும் யாரும் புதுப் பாடத்தைச் சொல்லித்தரவில்லை போலும் என்று நான் வெகுநாள் வருத்தப்பட்டேன்.